எழுதிக் கொடுத்தவர்: பக்கிரி மகள் தமிழரசி

1

போன பங்குனியோடு எனக்கு வேலை முடிந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், எலும்பு முறிவு வார்டில், இருபத்தாறு வருடம். அதற்கு முன்னால் சவூதியில் எட்டு வருடம். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள், ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் புதிதாக வந்திருந்த நர்சுகளை வரிசையாக உட்கார வைத்து, இருபது வயதிலிருந்து இன்றுவரை நான் எப்படி வளர்ந்தேன் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார் வார்டு மேலாளர்.

எனக்கென்ன தயக்கம்? இந்தக் கதையை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பக்கிரி, பண்ணையாள். அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் பெண் நான். பண்ணையின் சொந்தக்காரரை ஊரே பெரியய்யா என்று அழைக்கும். அவர் தன் பணத்தைக் கட்டி என்னைத் தஞ்சாவூரில் நர்சிங் படிக்க வைத்தார். அந்த ஒரு மனிதர் இல்லாவிட்டால் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன். இந்த வரி வரும்போது என் குரல் உடையும். நடிப்பில்லை, ஒவ்வொரு முறையும் உண்மையாகவே உடைந்திருக்கிறது.

இந்த ஊரில் 'லேண்ட்லார்ட்' என்று சொன்னால் வீட்டை வாடகைக்கு விடுகிறவர், அல்லது சாராயக்கடை நடத்துகிறவர். வந்த புதிதில் அது தெரியாமல் "எங்கள் லேண்ட்லார்ட்தான் படிக்க வைத்தார்" என்று சொல்லி, ஒரு சாராயக்கடைக்காரரின் தயவில் படித்தவள் என்று வார்டு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன். அதனால் இந்த முறை கவனமாக "ஒரு பெரிய மனிதர்" என்று சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு மலையாளப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஊரிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஆறு மாதம் காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். இது ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது. இங்கே யாருக்கும் இது புரியாது.

2

எனக்குப் பதினெட்டு வயது ஆன வருடத்து நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தேர்வு முடிவு வந்து வீட்டில் இருந்தேன். நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது, கட்டப் பணம் இல்லை. அப்பா தினமும் பெரிய வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். போகும்போதும் ஒன்றும் சொல்வதில்லை, வரும்போதும் ஒன்றும் சொல்வதில்லை. திடீரென்று ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து பள்ளியில் சேர்த்துக்கொண்டதற்கான கடிதமும் பணம் கட்டிய ரசீதும் வந்தன. பெரியய்யா கட்டிவிட்டார் என்றார் அப்பா. நான் அழுதேன், அம்மா சாமிக்கு விளக்கு ஏற்றினாள். மறுநாள் காலையில் அப்பா என்னை நீடாமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

ஜாமீன் பத்திரம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே பெரியய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருடைய மகன் சின்னையா பக்கத்தில் நின்றார். நானும் அப்பாவும் சுவரோரமாக நின்றோம். பத்திரம் என் கைக்கு வந்தது. தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள், காகிதத்தைக் கண்டால் கண் தானாகப் படிக்கும். முதல் வரிக்குப் போவதற்குள் அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"படிக்காதே, போடு."

ஐயா எதிரில் காகிதத்தைப் படித்துப் பார்ப்பது ஐயாவைச் சந்தேகப்படுவதாகும். எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்ததில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள், தெரிந்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசிக்கிறேன். நான் போட்டேன். பதினெட்டு வயது ஆனபின் நான் போட்ட முதல் கையெழுத்து அது. பணம் வாங்கியாயிற்றா என்று சார்பதிவாளர் கேட்டார். பள்ளிக்குக் கட்டிய பணத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வாங்கியாயிற்று என்றேன். வெளியே வந்ததும் பெரியய்யா காலில் விழச் சொன்னார் அப்பா. விழுந்தேன்.

அப்பாவைப் பற்றி அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருந்தது. கூலி உயர்வு கேட்டு ஊரே அறுவடையை நிறுத்திய வருடங்கள் அவை. வரப்பில் போலீஸ் நின்றது, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். எங்கள் தெரு ஆண்கள் கொடி பிடித்துக் கூட்டத்துக்குப் போவார்கள், அடி வாங்கிக்கொண்டு வருவார்கள். என் அப்பா ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. "பக்கிரி, ஐயா வீட்டு மாடு" என்று தெருவில் சொல்வார்கள். என் காதில் விழும்படி சொல்வார்கள்.

சவூதியில் முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிப் பெரியய்யாவுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு இரண்டு கைலி. பார்சலைப் பிரித்து, கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தது அப்பாதான். எங்கள் தெருவில் அப்போது போன் இல்லை. பெரிய வீட்டு எண்ணுக்கு அழைத்து, முதலில் பெரியய்யாவை நலம் விசாரித்து, பிறகு அப்பாவைக் கூப்பிட்டனுப்பச் சொல்வேன். அவர் கொல்லைப்புறம் வந்து, சன்னல் வழியாக நீட்டிய ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசுவார். "நல்லா இருக்கேன், நீ நல்லா இரு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசியதில்லை. அவர் இறந்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

3

இனி காகிதத்துக்கு வருகிறேன்.

என் தம்பி கலியபெருமாள் எனக்கு ஒன்பது வயது இளையவன். பெரியய்யா போய்ச் சேர்ந்தபின் சின்னையா சென்னைக்குக் குடிபோனார். பண்ணை துண்டு துண்டாக விற்றுப் போக, கடைசியாக மிஞ்சிய ஏழு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, கலியன் குத்தகைக்கு எடுத்துப் பதினெட்டு வருடமாகச் சாகுபடி செய்கிறான். வாய்க்கால் தலைமடை. மேட்டூர் திறந்தால் முதலில் தண்ணீர் பார்க்கிற நிலம். குத்தகை எல்லாம் வாய்ச்சொல்தான். பதிவும் கிடையாது, ரசீதும் கிடையாது. பதிவு செய்துகொள்ளச் சட்டம் இருக்கிறதே என்று நான் கேட்டால், "ஐயா வீட்டை எதுத்தா பதியறது?" என்பான்.

அந்த நிலத்தை விற்கப் போவதாகச் சின்னையா சொல்லிவிட்டார். மனை போட்டு விற்கிற ஒருவர் அதிக விலை பேசியிருக்கிறார். கல் நட்டுவிட்டால் கலியனுக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஐம்பது வயதில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"அக்கா, அந்த ஆளு சொன்ன விலையைக் குடுத்தா நமக்கே தர்றேங்கறாரு. நீ நெனைச்சா நடக்கும்கா."

எனக்கு ஓய்வுத் தொகை வந்திருந்தது. யோசிக்கவே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரியய்யா நிலம் வேறு யாருக்கோ மனையாகப் போகாமல் நம் கைக்கு வருகிறது, அவர் ஆத்மா குளிரும் என்றெல்லாம் கலியனிடம் பேசினேன். நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

எதற்கும் வில்லங்கம் போட்டுப் பார் என்றேன். நிலம் வாங்குகிறவர்கள் செய்கிற முதல் காரியம், அந்த நிலம் யார் யார் கையில் மாறி வந்தது என்று பதிவுத்துறையில் கேட்டு வாங்குகிற சான்றிதழ். கலியன் நீடாமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சமையலறையில் நின்று, தோசைக்கல் காய்கிற நேரத்தில் படித்தேன். ஒரே ஒரு பதிவுதான் இருந்தது.

எழுதிக் கொடுத்தவர்: பக்கிரி மகள் தமிழரசி. எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் சின்னையாவின் பெயர். ஆவணத்தின் தன்மை: கிரயம்.

யாரோ இன்னொரு பக்கிரி, இன்னொரு தமிழரசி என்றுதான் முதலில் நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். நர்சிங் பள்ளிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு முந்தின வாரம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் உள்ளதையும் தேடச் சொன்னேன். பழையது கம்ப்யூட்டரில் இல்லை. மனுப் போட்டு, பழைய புத்தகத்தைப் புரட்ட வைத்து, இரண்டு நாள் அலைந்து கலியன் கண்டுபிடித்தான். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது பெரியய்யா அந்த ஏழு மாவை எனக்கு விற்றிருக்கிறார். மைனர் தமிழரசி, கார்டியன் தகப்பன் பக்கிரி. நான்கு வயதில் நான் நிலம் வாங்கியிருக்கிறேன். பதினெட்டு வயதில் அதை விற்றிருக்கிறேன். நடுவில் பதினான்கு வருடம் நான் ஒரு நிலச் சொந்தக்காரி, அந்த நிலத்தில் என் அம்மா கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள்.

4

இது எப்படி நடந்தது என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். உழுகிறவனுக்கு நிலம் என்று மேடைதோறும் முழங்கிய காலம். ஆட்சி மாறியது, பெயர்ப் பலகைகள் மாறின, ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. மிச்சத்தை அரசாங்கம் எடுத்து எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். கொடுக்கத்தான் செய்தது, சில இடங்களில். ஆனால் சட்டம் வரும் வரும் என்று மைக் வைத்துச் சொன்னால் பெரிய பண்ணைகள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்குமா? ஏவலாள், கணக்குப்பிள்ளை, மாடு மேய்க்கிறவன் பெயரிலெல்லாம் பத்திரம் ஓடியது. காகிதத்தில் நாங்கள் முதலாளிகள் ஆனோம். அந்தக் காகிதங்கள் பெரிய வீட்டு இரும்புப் பெட்டியில் தூங்கின. கணக்கெடுக்க வந்த அதிகாரிகளுக்கு இது தெரியாதா? தெரியும். பெரிய வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

ஏன் என் பெயர்? அப்பா பெயரில் எழுதினால் பண்ணையாள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். பெண் குழந்தை என்றால் கேள்வி கேட்காது, நாளைக்குக் கட்டிக்கொடுத்தால் ஊரைவிட்டே போய்விடும். இது என் ஊகம்தான். தவறாக இருக்காது.

தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் போனில் கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். நீங்கள் மேஜரான பிறகு, சார்பதிவாளர் முன்னால், சம்மதத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஒன்றும் செய்ய முடியாது. பிறகு அவரே இன்னொன்றையும் சொன்னார். நீங்கள் இப்போது வெளிநாட்டுக் குடிமகள், ஆகவே இந்தியாவில் விவசாய நிலம் உங்கள் பெயரில் விலைக்கு வாங்கவே முடியாது. அடுக்குமாடி வீடு வேண்டுமானால் வாங்கலாமாம். நான்கு வயதில் வாங்க முடிந்ததை, அறுபது வயதில், நானே சம்பாதித்த பணத்தை வைத்துக்கொண்டு வாங்க முடியாது. சட்டம் என்னைப் பொறுத்தவரை ரொம்பக் கறாராக இருக்கிறது.

தம்பிக்குப் பணத்தை அன்பளிப்பாக அனுப்பலாம், அவன் வாங்கலாம், அதுதான் வழி என்றார். அதற்கு வங்கியில் மூன்று படிவம். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பெரியய்யாவை இந்த வங்கிக்காரப் பையனிடம் விட்டிருக்க வேண்டும்.

என் மகள் யாழினி பிரிஸ்டலில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவோம், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். வர வர ஆங்கிலம் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. பத்து வயதில் இந்தப் பெரியய்யா கதையை முதன்முதலாகக் கேட்டபோது அவள் ஒரு கேள்வி கேட்டாளாம்: "அவருக்கு அதனால் என்ன கிடைத்தது?" எல்லாவற்றுக்கும் லாபம் பார்ப்பது வெள்ளைக்காரப் புத்தி, நன்றி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்று நான் திட்டினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்குத் தோன்றிய கேள்வி அறுபது வயது வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை என்றால், நன்றி என்ற பெயரில் என் மூளையில் எதைப் போட்டு அடைத்திருந்தார்கள்?

பிறகு அவள் நிலத்தைப் பற்றிக் கேட்டாள். "அப்ப பேப்பர்ல மாமா பேரு, ஆனா நெஜமா உன்னோடதா?"

"இல்லை, நெஜமாவே அவனோடது" என்று கத்தினேன். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

5

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். பத்திரம் என் பெயரில் இல்லையென்றாலும் நான் போகாமல் அது நடக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

நீடாமங்கலத்தில் பத்திரம் எழுதுகிறவரின் அறையில் உட்கார்ந்திருந்தோம். நான், கலியன், சின்னையா. எழுபது தாண்டிவிட்டார், கையில் லேசாக நடுக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உட்காருங்க" என்றார். அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் "ஏ புள்ளே, அந்தாண்ட நில்லு" என்ற அதே வாய். மரியாதை வந்தது எனக்கா, ஓய்வுத் தொகைக்கா என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன்.

ஒரு கிரயப் பத்திரத்தில், விற்கிறவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதுவார்கள். எழுத்தர் அதைப் படித்தார்: மேற்படி சொத்தை பக்கிரி மகள் தமிழரசி என்பவருக்கு ரொக்கம் கொடுத்துக் கிரயம் பெற்று, நாளது தேதி வரை ஆண்டு அனுபவித்து வருகிற வகையில்...

நான் நிறுத்தச் சொன்னேன். ரொக்கம் எதுவும் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, அந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றேன். பழைய பத்திரத்தில் உள்ளபடிதான் எழுத முடியும் என்றார் எழுத்தர். சின்னையாவைப் பார்த்தேன். இத்தனை வருடமாக உங்கள் அப்பாவை நான் தெய்வமாகக் கும்பிட்டேன், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த மாதிரி என் நிலத்தை வாங்கிக்கொண்டு எனக்கே தர்மம் செய்திருக்கிறார், இதை ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன். இவ்வளவு கோர்வையாகக் கேட்டேனா என்று தெரியவில்லை.

சின்னையா கோபப்பட்டார். தன் அப்பா ஏமாற்றுக்காரர் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்ற கோபம். அந்தக் கோபத்தில்தான் உண்மை வந்தது.

"சும்மா ஒண்ணும் எழுதி வாங்கலைங்க. உங்கப்பா என்ன லேசுப்பட்ட ஆளா? உங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகியும் நாலு மாசம் இழுத்தடிச்சாரு. பொண்ணை நர்சுக்குச் சேர்த்துட்டு ரசீதைக் கையில குடுங்க, அப்பறம் கூட்டியாந்து கையெழுத்துப் போட வைக்கிறேன்னுட்டாரு. எங்கப்பா அவரை மரத்துல கட்டி வச்சுக்கூட கேட்டுப் பாத்தாங்க. அசையலை. அந்த வருசம் பூரா உங்கப்பா மேல அப்பாவுக்கு ஆத்திரம் தீரலை."

மரத்துல கட்டி வச்சு என்பதை அவர் வண்டி கட்டி வந்தேன் என்பது போலச் சொன்னார். தன் பக்கத்து நியாயத்துக்குச் சாட்சியாகச் சொன்னார்.

அந்த நாலு மாதம் எனக்கு ஞாபகம் வந்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாள் முதுகில் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், காய்ச்சல் என்றார். பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. கூட்டத்துக்குப் போன ஆண்கள் அடி வாங்கிக்கொண்டு வந்தால் தெருவே கூடி ஒத்தடம் கொடுக்கும். என் அப்பா தனியாக வாங்கிக்கொண்டு வந்து காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தார். அவரை ஐயா வீட்டு மாடு என்றது தெரு. நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அவர் கையிலேயே அந்த ஆளுக்குக் கடிகாரம் கொடுத்தனுப்பினேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அப்பா மேலும் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. எங்கே வைத்துச் சொல்வார்? பெரிய வீட்டுச் சன்னலில் நின்று, அவர்கள் போனைப் பிடித்துக்கொண்டா? நிலத்தையே கேட்டிருக்கலாமே என்றும் தோன்றியது. நாங்கள் குடியிருந்த மனையும் பெரியய்யாவுடையது. நிலம் வேண்டும் என்றால் அன்றே தெருவில் நின்றிருப்போம். கையில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் என்னுடையது. அதற்குக் கிடைக்கிற அதிகபட்ச விலை என்னவென்று கணக்குப் போட்டு, அடி வாங்கி, அசையாமல் நின்று வாங்கியிருக்கிறார் எழுத்துத் தெரியாத மனிதர். "படிக்காதே, போடு" என்றது ஐயாவுக்குப் பயந்து இல்லை. நான் படித்துவிட்டு, இது என் நிலம், போட மாட்டேன் என்று நின்றுவிடுவேனோ என்று எனக்குப் பயந்து.

எழுத்தரிடம் சொன்னேன். "அவர் இப்ப சொன்னாரே, அதை எழுதுங்க."

சின்னையா முடியாது என்றார். அப்பா பெயர் பத்திரத்தில் அசிங்கப்பட விட மாட்டேன், மனைக்காரர் இன்னும் காத்திருக்கிறார், இதற்குமேல் பேச்சு வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கலியன் என் கையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வயது ஆண், வயலில் நாற்று காத்திருக்கிறது, அக்காவின் ஒரு வரிக்காக எல்லாம் போய்விடுமோ என்று உதடு காய்ந்து நிற்கிறான்.

"விட்டுடுக்கா."

விட்டேன். அப்பா ஏழு மாவை விட்டுக்கொடுத்தார், நான் ஒரு வரியை விட்டுக்கொடுத்தேன். ஒரு வரிக்கே வயிறு இப்படி எரிகிறதே, அவருக்கு எப்படி எரிந்திருக்கும்? பழைய பத்திரத்தில் உள்ளபடியே எழுதினார்கள். ரொக்கம் கொடுத்துக் கிரயம் பெற்று. அரசாங்கப் பதிவில் இன்னொரு முறை அந்தப் பொய் ஏறியது, என் பணத்தில்.

பத்திரத்தில் எழுத விடாததை இங்கே எழுதுகிறேன். என்னை நர்சிங் படிக்க வைத்தவர் பக்கிரி, தகப்பன் பெயர் ஆறுமுகம், பண்ணையாள். வேறு யாரும் இல்லை.

6

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கலியனை முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். சர்வே எண், நான்கு எல்லை, வாய்க்கால் பாத்தியம் எல்லாம் படித்தான். சின்னையா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், எழுத்தர் டீ வரவழைத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகுதான் அலுவலகத்துக்குள் போனோம், பதிவு முடிந்தது.

சின்னையா கிளம்பும்போது, ஏதோ முறைக்குச் சொல்வது போல, அப்பா உங்களைப் பற்றிக் கடைசிவரை பெருமையாகப் பேசினார் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்லாமல் திரும்பினேன், அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கலியன் என்னை வயலுக்கு அழைத்துப் போனான். நாற்றங்கால் பச்சையாக நின்றது. பக்கத்து வயலில் நடவாட்கள் இன்னும் கரையேறவில்லை. பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தான், வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாலும் கேட்கவில்லை. வரப்பில் எதிர்ப்பட்ட பக்கத்து வயல்காரர் விசாரித்தார். கலியன் சிரித்துக்கொண்டே, "எல்லாம் அக்கா நெலம்தான், நான் பாத்துக்கறேன்" என்றான். மரியாதைக்காகத்தான் சொன்னான். அக்கா பணம் கொடுத்தாளே என்ற விசுவாசத்தில் சொன்னான். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்தப் பேச்சைத்தான் நாங்கள் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆள் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"என் நெலம் இல்லைடா. உன்னோடது. யார் கேட்டாலும் உன்னோடதுன்னு சொல்லு. நாளைக்கு நானே வந்து நின்னு ஒரு காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே."

"நீ கேட்டாகூடவாக்கா?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. சொல்லு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, வெட்கப்பட்டு, நடவாட்கள் காதில் விழாத அளவுக்கு மெதுவாக, "என் நெலம்" என்றான். சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.